வர்ஜீனியா மாநில செனட்டின் 32ஆம் தொகுதி: லவுடன் கவுண்டிக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு ஒரு வாக்காளர் வழிகாட்டி

ஆஷ்பர்ன், ஸ்டெர்லிங், சவுத் ரைடிங் பக்கங்களில் வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு அமெரிக்க அதிபர் தேர்தல் நன்றாகத் தெரியும். அந்த ஊர்களின் அன்றாட வாழ்க்கையைப் பெருமளவு தீர்மானிக்கிற மாநில செனட் தேர்தல் எப்போது நடந்தது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. அதற்குக் காரணம் அக்கறையின்மை என்று நான் நினைக்கவில்லை. வர்ஜீனியா தன் மாநிலத் தேர்தல்களை ஒற்றைப்படை ஆண்டுகளில் நடத்துகிறது. தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குழுக்களும் அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டுகளில்தான் பரபரப்பாக இருக்கின்றன. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே, லவுடன் கவுண்டியின் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) கிழக்குப் பகுதியை உள்ளடக்கிய 32ஆம் செனட் தொகுதியை எடுத்துக்கொண்டு, அங்கே புதிதாக வந்த ஒருவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

எந்த செனட் என்பதில் தெளிவு

அமெரிக்காவில் வர்ஜீனியா வாக்காளர் ஒருவருக்கு இரண்டு வகை செனட்டர்கள் இருக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க செனட்டுக்கு மாநிலம் முழுவதும் சேர்ந்து இருவரைத் தேர்ந்தெடுக்கிறது. மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா செனட்டுக்கு 40 தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் நான்கு ஆண்டுக் காலத்துக்குத் தேர்வாகிறார். இந்த 40 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கிறது. 2019இல் நடந்தது, 2023இல் நடந்தது, அடுத்தது 2027 நவம்பரில். செனட்டுடன் 100 உறுப்பினர்கள் கொண்ட டெலிகேட்கள் அவையும் சேர்ந்ததுதான் வர்ஜீனியாவின் பொதுச் சட்டமன்றம். டெலிகேட்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல்.

இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. கிரீன் கார்டு தாமதம், விசா, பாஸ்போர்ட் சிக்கல் ஆகியவற்றுக்கு மாநில செனட்டரின் அலுவலகத்தை அணுகிப் பயனில்லை. அவை கூட்டாட்சி அரசின் வேலை என்பதால், வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகமே உதவும். லவுடன் கவுண்டி வர்ஜீனியாவின் 10ஆம் காங்கிரஸ் தொகுதியில் இருக்கிறது. மாறாக, ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி, வேலையிழப்பு உதவித்தொகை, மாநில நெடுஞ்சாலைத் துறை ஆகியவற்றில் உங்கள் விண்ணப்பம் மாதக்கணக்கில் தேங்கினால், மாநில செனட்டரின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவது நியாயமான, பல நேரங்களில் பலன் தருகிற வழி. அதற்கு நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதில்லை. தொகுதியில் வசித்தால் போதும்.

இந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு எடை

வர்ஜீனியாவுக்கு வந்த முதல் ஆண்டில் பெரும்பாலோரைத் திகைக்க வைப்பது கார் வரி. வாகனத்தின் மதிப்பைப் பொறுத்து ஆண்டுதோறும் கவுண்டிக்குக் கட்ட வேண்டிய சொத்து வரி அது. விகிதத்தைக் கவுண்டி மேற்பார்வையாளர் குழு நிர்ணயிக்கிறது. ஆனால் அந்த வரியை விதிக்கும் அதிகாரமும், அதில் மாநிலம் தருகிற நிவாரணமும் ரிச்மண்டின் சட்டங்களிலிருந்து வருகின்றன. வர்ஜீனியாவில் டில்லன் விதி என்ற கோட்பாடு உறுதியாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதன்படி, சட்டமன்றம் வெளிப்படையாக அளித்த அதிகாரங்களையும் அவற்றிலிருந்து நேரடியாக விளைகிறவற்றையும் மட்டுமே கவுண்டிகள் பயன்படுத்த முடியும். உள்ளூரில் ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்று கவுண்டிக் கூட்டத்தில் கேட்டால், "அதற்கு ரிச்மண்ட் அனுமதிக்க வேண்டும்" என்ற பதில் அடிக்கடி வருவது இதனால்தான்.

அடுத்தது டேட்டா சென்டர்கள். ஆஷ்பர்னைச் சுற்றியுள்ள பகுதியில் உலகிலேயே மிக அதிகமான டேட்டா சென்டர்கள் குவிந்திருக்கின்றன. அவற்றிடமிருந்து வரும் வரி வருவாய் லவுடன் கவுண்டியின் வரவு செலவுத் திட்டத்தைத் தாங்குகிறது. அவற்றுக்கான உயர் மின்னழுத்தக் கம்பிகளும், இரைச்சலும், மின்கட்டண உயர்வு பற்றிய அச்சமும் வீடுகளுக்கு மிக அருகில் வந்துவிட்டன. இந்தத் தொழிலுக்கு மாநிலம் அளித்திருக்கும் விற்பனை வரி விலக்கைத் தொடர்வதா, நிபந்தனை விதிப்பதா என்பதெல்லாம் சட்டமன்றத்தில் முடிவாகிற விஷயங்கள். டல்லஸ் கிரீன்வே சுங்கச்சாலையின் கட்டணம் குறித்த சட்டங்களும் அப்படியே.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, வர்ஜீனியாவில் நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆளுநரும் வழக்கமாக நியமிப்பதில்லை. சட்டமன்றத்தின் இரு அவைகளும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றன. உங்கள் கவுண்டியின் நீதிமன்றத்தில் அமரும் நீதிபதியைத் தேர்வதில் உங்கள் செனட்டருக்கு நேரடிப் பங்கு உண்டு.

இத்தனை பொறுப்புள்ள பதவிக்கு நீண்ட காலமாக ஆண்டுச் சம்பளம் 18,000 டாலர்தான். அவை ஆண்டு முழுவதும் கூடுவதில்லை. ஜனவரி இரண்டாம் புதன்கிழமை தொடங்கி, ஒற்றைப்படை ஆண்டுகளில் வழக்கமாக ஆறு வாரங்களுக்குச் சற்று அதிகமாகவும், மற்ற ஆண்டுகளில் 60 நாட்களும் கூடுகிறது. ஆகவே உறுப்பினர்கள் பெரும்பாலும் வேறு தொழில் செய்கிறவர்கள்.

தொகுதியின் எல்லையும் அதன் அண்மை வரலாறும்

இணையத்தில் 32ஆம் தொகுதியைத் தேடும்போது பழைய வரைபடங்கள் கண்ணில் பட்டுக் குழப்பும். முன்பு இதே எண் கொண்ட தொகுதி ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் ரெஸ்டன் பகுதியை மையமாகக் கொண்டிருந்தது. ஜேனட் ஹவல் 1992 முதல் 2024 தொடக்கம் வரை அதன் செனட்டராக இருந்தார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லைகளை வரைய அமைக்கப்பட்ட இருகட்சிக் குழு உடன்பாடு காண முடியாமல் முடங்கியது. அதனால் பொறுப்பு வர்ஜீனியா உச்ச நீதிமன்றத்திடம் சென்றது. அது நியமித்த இரு வல்லுநர்கள் வரைந்த வரைபடத்தை 2021 டிசம்பர் இறுதியில் நீதிமன்றம் ஏற்றது. அந்த வரைபடப்படி 32ஆம் தொகுதி லவுடன் கவுண்டிக்குள் வந்தது. கவுண்டியின் மேற்குப் பகுதி 31ஆம் தொகுதியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான கோடு குடியிருப்புகளுக்கு நடுவே செல்வதால், ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாமல், மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பார்ப்பதே சரியான வழி.

புதிய எல்லைகளில் முதல் தேர்தல் 2023இல் நடந்தது. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில், சுஹாஸ் சுப்ரமணியம் முன்னாள் டெலிகேட் இப்ராஹீம் சமீராவை வென்று, பின்னர் நவம்பரிலும் வென்று செனட்டரானார். ஓராண்டு முடிவதற்குள், 2024 நவம்பரில் அவர் 10ஆம் காங்கிரஸ் தொகுதியிலிருந்து வாஷிங்டனுக்குத் தேர்வானார். செனட் இடம் காலியாகி, 2025 ஜனவரி 7ஆம் நாள் சிறப்புத் தேர்தல் வந்தது. தமிழ்நாட்டில் நாம் இடைத்தேர்தல் என்று சொல்வது இதைத்தான். அப்போது 26ஆம் டெலிகேட் தொகுதியின் உறுப்பினராக இருந்த கண்ணன் ஸ்ரீநிவாசன் ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்று, ஏறத்தாழ பத்துக்கு ஆறு வாக்குகள் பெற்று, குடியரசுக் கட்சியின் துமாய் ஹார்டிங்கை வென்றார். அவர் விட்டுச் சென்ற டெலிகேட் இடத்துக்கும் அன்றே தேர்தல் நடந்து, ஜே.ஜே. சிங் தேர்வானார்.

அந்த ஒரு நாளில் என்ன பணயமாக இருந்தது என்பதைப் பார்த்தால் இந்தத் தொகுதியின் கனம் புரியும். செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 21, குடியரசுக் கட்சிக்கு 19 என்ற மிக மெலிந்த வித்தியாசம். 32ஆம் தொகுதி கைமாறியிருந்தால் 20க்கு 20 என்று சமமாகி, சமநிலையை உடைக்கும் வாக்கு துணை ஆளுநருக்குப் போயிருக்கும். அப்போதைய துணை ஆளுநர் வின்சம் எர்ல்-சியர்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். தேர்தலுக்கு மறுநாளே, ஜனவரி 8ஆம் நாள், சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கியது. கடும் குளிர், முந்தைய நாள் பெய்த பனி, விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பாத குடும்பங்கள் என்ற சூழலில் நடந்த அந்த வாக்கெடுப்பு, ஒரு மாநிலத்தின் மேலவை யார் கையில் என்பதை முடிவு செய்தது.

முதல் படி: வாக்களிக்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறதா

இந்தப் பகுதியை அவசரமின்றிப் படியுங்கள். வாக்களிக்க அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். எச்-1பி, எச்-4, எல்-1 விசாவில் இருப்பவர்களும், எத்தனை ஆண்டுகளாக வரி கட்டியிருந்தாலும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் வாக்காளராகப் பதிவு செய்யவோ வாக்களிக்கவோ கூடாது. தவறுதலாகச் செய்தால்கூட, பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தின்போது அது வெளிப்பட்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதிலிருந்து நாடு கடத்தப்படுவது வரை கொண்டுபோய்விடும்.

இந்தத் தவறு நடப்பதற்கு மிக அதிக வாய்ப்புள்ள இடம் டிஎம்வி அலுவலகம். உரிமம் எடுக்கும்போதோ முகவரி மாற்றும்போதோ, நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்ற கேள்வியும் வாக்காளர் பதிவு பற்றிய கேள்வியும் வரும். பின்னால் வரிசை நீண்டிருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று அழுத்திவிட வேண்டாம். ஒவ்வொரு வரியையும் படித்து, குடிமகன் இல்லையென்றால் இல்லை என்றே பதில் சொல்லுங்கள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத பெற்றோரை டிஎம்விக்கு அழைத்துச் செல்கிறவர்கள் இந்தக் கேள்வியை அவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்வது நல்லது.

வாக்குரிமை இல்லாதவர்கள் வெறும் பார்வையாளர்கள் என்று பொருளில்லை. ஊதியம் வாங்காமல் ஒரு வேட்பாளருக்காகத் தன்னார்வப் பணி செய்யலாம், கூட்டங்களுக்குப் போகலாம், செனட்டருக்கு எழுதலாம், ரிச்மண்டில் குழு விசாரணையில் பேசலாம். நன்கொடையில் மட்டும் கோடு கண்டிப்பானது. கிரீன் கார்டு உள்ளவர்கள் தேர்தல் நன்கொடை கொடுக்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் கொடுக்கக் கூடாது, அது மாநிலத் தேர்தலாக இருந்தாலும் சரி, பத்து டாலராக இருந்தாலும் சரி. தெரிந்தவர் வீட்டு நிதி திரட்டும் விருந்தில் கூச்சத்தால் காசோலை எழுதிவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: பதிவு, குறிப்பாகப் பெயர்

தமிழ்நாட்டில் வாக்குச்சாவடி அலுவலர் வீடு தேடி வந்து பட்டியலைச் சரிபார்ப்பார். இங்கே அப்படி யாரும் வர மாட்டார்கள். பதிவு செய்வதும், வீடு மாறினால் முகவரியைத் திருத்துவதும் வாக்காளரின் பொறுப்பு. வர்ஜீனியா ஓட்டுநர் உரிமம் இருந்தால் மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் சில நிமிடங்களில் பதிவை முடித்துவிடலாம். தாள் படிவத்தை அஞ்சலிலும் அனுப்பலாம், லீஸ்பர்கில் உள்ள கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் நேரிலும் கொடுக்கலாம். பதிவின்போது கட்சி எதுவும் கேட்கப்படாது, ஏனென்றால் வர்ஜீனியாவில் கட்சிவாரிப் பதிவு கிடையாது.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். அப்பாவின் பெயர் கடைசிப் பெயராகி, முதலெழுத்து ஓர் ஆவணத்தில் விரிந்தும் இன்னோர் ஆவணத்தில் சுருங்கியும், பாஸ்போர்ட்டில் ஒன்றும் உரிமத்தில் ஒன்றுமாக இருக்கும். குடியுரிமை வாங்கும்போது சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டவர்கள் முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில், அடுத்து டிஎம்வியில், அதன் பிறகு வாக்காளர் பதிவில் என்ற வரிசையில் திருத்துவது நல்லது. வரிசை மாறினால் கணினிப் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விண்ணப்பம் தடைபடும். பதிவு முடிந்த சில வாரங்களில் ஒருமுறை இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடி, எழுத்துக்கூட்டல் சரியா, முகவரி சரியா, 32ஆம் செனட் தொகுதி என்று வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் பதிவுக்கான கடைசி நாள் உண்டு. அதைத் தவறவிட்டாலும் 2022 அக்டோபரிலிருந்து ஒரு வழி இருக்கிறது. முன்கூட்டிய வாக்களிப்பின்போதோ தேர்தல் நாளிலோ நேரில் சென்று பதிவு செய்து, தற்காலிக வாக்குச்சீட்டில் வாக்களிக்கலாம். தகுதி சரிபார்க்கப்பட்ட பிறகே அந்தச் சீட்டு எண்ணப்படும். இதைக் கடைசித் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை, நவம்பர் பொதுத் தேர்தலுக்குள் 18 வயதாகிவிடும் என்றால், அதற்கு முந்தைய பிரைமரியில் 17 வயதிலேயே வாக்களிக்கலாம்.

மூன்றாம் படி: பிரைமரியை விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். இந்தத் தொகுதியில் புதிய எல்லைகளில் நடந்த இரண்டு தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சி தெளிவான வித்தியாசத்தில் வென்றிருக்கிறது. அப்படிப்பட்ட தொகுதியில் உண்மையான போட்டி நவம்பருக்கு முன்பே, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் நடந்து முடிந்துவிடுகிறது. அதில் வாக்களிப்பவர்கள் எண்ணிக்கையோ மிகவும் குறைவு. எனவே ஒரு தெருவிலிருந்து நான்கு குடும்பங்கள் போனாலே அதன் எடை தெரியும். எந்தக் கட்சியை ஆதரிப்பவர்களுக்கும் இது பொருந்தும். குடியரசுக் கட்சிக்காரர்கள் இந்தத் தொகுதியில் வலுவான வேட்பாளரை நிறுத்த விரும்பினால், அவர்களும் தொடங்க வேண்டிய இடம் பிரைமரிதான்.

செனட் தேர்தல் ஆண்டில் பிரைமரி வழக்கமாக ஜூன் மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. எந்த வாக்காளரும் போகலாம்; இரு கட்சிகளும் ஒரே நாளில் நடத்தினால் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது ரகசியம். எந்தக் கட்சியின் பிரைமரியில் கலந்துகொண்டீர்கள் என்பது மட்டும் பதிவாகும். வேட்பாளர்கள் அந்தப் பட்டியலைப் பெற்றுத்தான் உங்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

சிறப்புத் தேர்தல் என்றால் நிலைமை வேறு. 2024 நவம்பர் 5இல் இடம் காலியாகப் போவது தெரிந்தது. ஜனவரி 7இல் தேர்தல். இடையே இரண்டு மாதம். அரசு நடத்தும் பிரைமரிக்கு நேரமில்லாததால் ஜனநாயகக் கட்சி நவம்பரிலேயே, ஃபயர்ஹவுஸ் பிரைமரி என்று இங்கே அழைக்கப்படும் முறையில், தானே வாக்கெடுப்பு நடத்தி வேட்பாளரை முடிவு செய்தது. இவ்வகை வாக்கெடுப்புக்கு அறிவிப்புக் காலம் குறைவு, வாக்களிக்கும் இடங்கள் சில மட்டுமே, வழக்கமான வாக்குச்சாவடிகள் இராது. நீங்கள் ஆதரிக்கும் கட்சியின் கவுண்டிக் குழுவுடைய மின்னஞ்சல் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டால்தான் இந்தச் செய்தி நேரத்துக்கு வந்து சேரும்.

நான்காம் படி: வேட்பாளரை எடைபோடுவது

கோவில் விழாவிலும் பொங்கல் விழாவிலும் வேட்பாளர்கள் வேட்டி, சேலையில் வந்து வணக்கம் சொல்வது மகிழ்ச்சியானதுதான். 2017இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஜனவரி 14ஐப் பொங்கல் நாளாக அறிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியதும் நாம் பெருமைப்படக் கூடியது. ஆனால் நம் மொழி பேசுகிறவர், நம் ஊர்ப் பெயர் உள்ளவர் என்பது மட்டும் வாக்குக்குப் போதாது என்று உறுதியாக நினைக்கிறேன். அவர் ரிச்மண்டில் எப்படி வாக்களித்தார், யாரிடம் பணம் வாங்கினார் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டையும் பார்ப்பது எளிது.

சட்டமன்றத்தின் சட்டத் தகவல் தளத்தில் ஒவ்வொரு மசோதாவின் வரைவும், அதைக் கொண்டுவந்தவர் பெயரும், குழுவிலும் அவையிலும் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதும் இருக்கின்றன. பெரும்பாலான மசோதாக்கள் அவைக்கு வராமல் குழுவிலேயே முடிந்துவிடுவதால், குழு வாக்கெடுப்புகளைக் கவனிப்பது அவசியம். பணத்தைப் பொறுத்தவரை, வர்ஜீனியா மாநில வேட்பாளர்களுக்கு ஒருவர் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற உச்சவரம்பை நீண்ட காலமாக வைக்காத மாநிலம். நிறுவனங்களும் நேரடியாகக் கொடுக்கலாம். பதிலாக, கணக்கை வெளியிடச் சொல்கிறது. வர்ஜீனியா பப்ளிக் ஆக்சஸ் ப்ராஜெக்ட் என்ற கட்சிசாரா அமைப்பு அந்தக் கணக்குகளை எல்லாரும் புரிந்துகொள்ளும்படி தொகுத்துத் தருகிறது. வேட்பாளரின் பெயரைத் தட்டினால் பெரிய நன்கொடையாளர்கள் யார் என்று தெரியும். மின் நிறுவனமும் டேட்டா சென்டர் தொழிலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கதவைத் தட்டும் வேட்பாளரிடம் நேராகக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: வாக்களிக்கும் நாள், அல்லது அதற்கு முன்பே

பொதுத் தேர்தலுக்கு 45 நாட்களுக்கு முன்பே நேரில் வாக்களிக்கும் வசதி தொடங்கி, தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை 5 மணிக்கு முடிகிறது. காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் லீஸ்பர்க் அலுவலகத்திலும், தேர்தல் நெருங்கும்போது கூடுதல் இடங்களிலும் வாக்களிக்கலாம். அலுவலகப் பயணமும் பிள்ளைகளின் வகுப்புகளும் உள்ள குடும்பங்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஜனவரியில் நடக்கும் சிறப்புத் தேர்தலில், பனி விழுவதற்கு முன்பே வாக்கைப் போட்டுவிட்ட நிம்மதியும் கிடைக்கும். அஞ்சலில் வாக்களிக்கவும் விண்ணப்பிக்கலாம். அந்த உறையில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் பிறந்த ஆண்டையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்; பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

தேர்தல் நாளில் வாக்குச்சாவடி காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை திறந்திருக்கும். 7 மணிக்கு வரிசையில் நின்றிருந்தால் வாக்களிக்கும் உரிமை உண்டு. வாசலிலிருந்து 40 அடிக்குள் பிரசாரம் கூடாது. அதற்கு வெளியே இரு கட்சிகளின் தன்னார்வலர்களும் மாதிரிச் சீட்டுகளை நீட்டுவார்கள். வாங்கலாம், வாங்காமலும் போகலாம். உள்ளே மேசையில் இருக்கும் அலுவலர் உங்கள் முழுப் பெயரையும் முகவரியையும் கேட்பார், நீங்கள் சொன்னதைத் திரும்பச் சொல்வார். நீளமான தமிழ்ப் பெயரில் அவர் தடுமாறினால், உரிமத்தைக் காட்டி எழுத்துக்கூட்டிச் சொன்னால் போதும். ஓட்டுநர் உரிமம், அமெரிக்கப் பாஸ்போர்ட், வேலை செய்யும் நிறுவனத்தின் படமுள்ள அட்டை, பெயரும் முகவரியும் கொண்ட அண்மைய மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அடையாளமாக ஏற்கப்படும். எதுவும் கையில் இல்லையென்றால் அடையாள உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு வாக்களிக்கலாம்; யாரும் உங்களை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பக் கூடாது.

பிறகு ஒரு தாள் சீட்டு தருவார்கள். பெயருக்குப் பக்கத்தில் உள்ள நீள்வட்டத்தைப் பேனாவால் முழுதாக நிரப்ப வேண்டும். டிக் அடித்தாலோ சுழித்தாலோ இயந்திரம் படிக்காமல் போகலாம். செனட் வேட்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் கட்சியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். நம் ஊர்ச் சின்னங்கள் எதுவும் இராது. சீட்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், அரசியலமைப்புத் திருத்தம், பள்ளிக்கான கடன்பத்திரம் போன்ற கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தவறாக நிரப்பிவிட்டால் அலுவலரிடம் கொடுத்துப் புதிய சீட்டு கேட்டு வாங்கலாம். கடைசியில் நீங்களே அதை ஸ்கேன் இயந்திரத்தில் செலுத்த வேண்டும்.

குடியுரிமை பெற்ற அம்மா, அப்பாவை அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு சொல். 65 வயதைக் கடந்தவர்களும் உடல் இயலாமை உள்ளவர்களும் காரிலிருந்து இறங்காமலே வாக்களிக்கலாம். அதற்கான பலகை வாகன நிறுத்துமிடத்தில் இருக்கும். பார்வைக் குறைவாலோ, உடல் இயலாமையாலோ, ஆங்கிலச் சீட்டைப் படிக்க இயலாததாலோ உதவி தேவைப்பட்டால், மகனோ மகளோ உடன் வந்து உதவக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு ஒரு சிறு படிவம் நிரப்ப வேண்டும். உதவுகிறவர் அவர்களுடைய முதலாளியாகவோ தொழிற்சங்கப் பிரதிநிதியாகவோ மட்டும் இருக்கக் கூடாது. உதவுகிறவர் அம்மா சொல்வதைத்தான் குறிக்க வேண்டும். "நீயே பார்த்துப் போடு" என்று அவர் சொன்னாலும், பெயர்களைப் படித்துக் காட்டி அவர் விருப்பத்தைக் கேட்டுக் குறிப்பதே முறை.

தேர்தலுக்குப் பிறகு

அன்றிரவு வரும் எண்கள் அதிகாரபூர்வமற்றவை. தேர்தல் நாளுக்குள் முத்திரையிடப்பட்டுச் சற்றுத் தாமதமாக வந்து சேரும் அஞ்சல் வாக்குகளும் தற்காலிகச் சீட்டுகளும் அடுத்த நாட்களில் சேர்க்கப்பட்டு, பிறகே முடிவு சான்றளிக்கப்படும்.

சட்டமன்றம் கூடியிருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் செனட்டரை ரிச்மண்டில் நேரில் சந்திக்கலாம்; முன்கூட்டியே அலுவலகத்துக்கு எழுதி நேரம் கேட்டால் சில நிமிடங்கள் கிடைக்கும். குழு விசாரணைகளில் பொதுமக்கள் பேசலாம். பேசும் நேரம் மிகக் குறைவு என்பதால், மசோதா எண்ணைச் சொல்லி, நீங்கள் எந்தத் தெருவில் வசிக்கிறீர்கள், அது உங்களை எப்படிப் பாதிக்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் முடிப்பது நல்லது. மற்ற மாதங்களில் செனட்டர் தொகுதியில்தான் இருப்பார். நூலகங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் கூட்டங்கள் நடக்கும்.

வேட்பாளராக நிற்க நினைப்பவர்களுக்கும் தடை மிகப் பெரியதல்ல. 21 வயதும், அந்தத் தொகுதியில் வசிப்பும், வாக்காளராகும் தகுதியும், தொகுதியின் வாக்காளர்கள் 250 பேரின் கையெழுத்தும் தேவை. கையெழுத்துகளில் சில தள்ளுபடியாகும் என்பதால் இரு மடங்கு வாங்குகிறவர்கள் உண்டு. அந்த அளவுக்குப் போக விரும்பாதவர்கள் தேர்தல் அலுவலராகப் பணியாற்றலாம். வர்ஜீனியாவில் பதிவு பெற்ற வாக்காளர் எவரும் விண்ணப்பிக்கலாம். கவுண்டியே பயிற்சியும் ஒரு நாளுக்கான ஊதியமும் தருகிறது. அடுத்த செனட் பொதுத் தேர்தல் 2027 நவம்பர் 2ஆம் நாள். அதற்கான பயிற்சிக்குப் பெயர் கொடுக்க லவுடன் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பப் படிவம் இருக்கிறது.